காரைக்குடியில ஐஸ் விழாது: கோல்டு ஃபிஷ் குஞ்சும் ஐப்பசி மழையும்

மீன் தொட்டி பத்திப் பேசினதுல இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "தோட்டத்துக் குளத்துல கோல்டு ஃபிஷ் குஞ்சு பொரிச்சிருக்கு, குளிர்காலத்தைத் தாங்குமா, ஹீட்டர் வாங்கணுமா?"

வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல வலை வாங்குங்க, ஏன்னு சொல்றேன்.

நீங்க பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் இங்கிலாந்துலயோ கனடாவுலயோ எடுத்தது. அங்க குளத்தோட மேல்பரப்பு உறைஞ்சிடும். 4 டிகிரியிலதான் தண்ணிக்கு அடர்த்தி அதிகம், அதனால அந்தத் தண்ணி அடியில தங்கும். மீன் அங்க போய் அசையாம கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்தாலும் சமாளிக்கும்: உடம்புல சேர்ற லாக்டிக் அமிலத்தை எத்தனாலா மாத்தி செவுள் வழியா வெளியேத்திடும். இது எப்படி நடக்குதுன்னு ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல விளக்கினாங்க. சொந்தமா சாராயம் காய்ச்சி உயிர் பிழைக்கிற மீன்! செம ஃபீச்சர், ஆனா நம்ம ஊர்ல அது ரன் ஆகவே ஆகாது.

காரைக்குடியில மார்கழி ராத்திரின்னா சுமார் 20 டிகிரி. கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது சொகுசு. 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரைக்கும் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில ஏழரைதான். அதுக்குக் கஷ்டகாலம் கத்திரி வெயில்தான், மார்கழி இல்ல.

அப்புறம் ஏன் ஐப்பசி, கார்த்திகையில குஞ்சுங்க காணாமப் போகுது? மழை.

செட்டிநாட்டு வீடுகள்ல ஓட்டுத் தண்ணி எல்லாம் முற்றத்துக்கு வர்ற மாதிரிதான் கட்டியிருப்பாங்க. ஒரு அரைமணி நேரம் கொட்டினா சின்னக் குளம் வழிஞ்சிடும். ஒரு சென்டிமீட்டர் குஞ்சு அந்த இழுப்பை எதிர்த்து நீந்தாது. வாய்க்கால் வழியா ஊருணிக்குப் போய்ச் சேர்ந்து பிழைச்சா அது வேற தலைவலி: சேத்தைக் கிளறும், மத்த மீனோட முட்டையைத் தின்னும். வழியுற குழாய் வாயில வலை கட்டுங்க. இலை அடைக்கும், தினம் ஒருதடவை தட்டி விடுங்க. என்னைக் கேட்டா, மூணு சென்டிமீட்டர் வளர்ற வரைக்கும் குஞ்சுகளைத் தாழ்வாரத்துல ஒரு தனித் தொட்டியில வெச்சிடலாம். மழைக்காலத்துல தட்டான் நிறைய முட்டை போடும். தண்ணிக்குள்ள வளர்ற அதோட புழு குஞ்சைப் பிடிச்சுத் தின்னும், அதுக்கும் இதுதான் வழி.

அடுத்தது தண்ணியோட குணம். மழைத்தண்ணியில கார்பனேட் உப்பு கிடையாது. அது நிறைய கலந்தா பி.எச் நிலையா நிக்காது. ஒரு துணிப் பையில கிளிஞ்சல் ஓட்டை நொறுக்கிப் போட்டுத் தொங்கவிடுங்க, மெதுவா கரைஞ்சு சரிக்கட்டும்.

கிளிஞ்சல்னதும் ஞாபகம் வருது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பீங்கல்ல, அந்தச் சுவர்ல வழியுற தண்ணி குளத்துல விழவே கூடாது. கிளிஞ்சல் ஓடு வேற, நீத்த சுண்ணாம்பு வேற. சுண்ணாம்புத் தண்ணி பி.எச்சை ஒரேடியா ஏத்திடும், குஞ்சோட செவுள் வெந்துடும். வெள்ளையடிக்கிற அன்னைக்குக் குளத்துமேல தார்ப்பாய் போட்டு மூடுங்க. இதை எந்த வெளிநாட்டு வீடியோவும் சொல்லாது.

மேல பொடி உப்பு தூவின மாதிரி தெரிஞ்சா வெள்ளைப்புள்ளி நோய். திடீர்னு தண்ணி குளிர்ந்தா மீனோட எதிர்ப்புச் சக்தி குறையும், அப்போ வர்றது இது. லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு, ரெண்டு நாளாப் பிரிச்சுப் போடுங்க.

கரண்ட்? 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ இந்தப் பக்கம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஏர் பம்ப்பை மட்டும் நம்பாதீங்க. பேட்டரியில ஓடுற பம்ப் ஒண்ணு இருக்கட்டும். இல்லைன்னா குவளையில மொண்டு, உயரத்துல இருந்து ஊத்துங்க. அன்னைக்கு முழுக்கத் தீனி போடாதீங்க. மத்த நாள்ல கொஞ்சம் கொஞ்சமா மூணு வேளை. ஐஸ் இல்லாத ஊர்ல குளிர்காலத்துக்குன்னு பட்டினி போடத் தேவையில்ல.

கத்திரி வெயில் சமாச்சாரத்தைப் பங்குனியில தனி எபிசோடாப் பேசலாம்.