குழாய் இருந்தும் புகை ஏன் திரும்புகிறது?



வீட்டுக்கு வீடு கேஸ் வந்தாச்சு, இப்ப எதுக்கு விறகடுப்புப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காபி போட, குழம்பு வைக்க கேஸ் சரி. ஆனால் முறுக்கு, தேன்குழல், அதிரசம் என்று ஆர்டர் எடுத்துப் பலகாரம் போடும் குழுக்கள் நாள் முழுக்க கேஸ் எரித்தால் கட்டுப்படியாகாது. சீமைக்கருவேல் விறகுதான் கைகொடுக்கிறது. அந்தப் புகையைக் குடிப்பதும் நாமதான். வீட்டுக்குள் விறகு, கரி, மண்ணெண்ணெய் எரிக்கும் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

புகைபோக்கி வைத்த அடுப்பு நமக்குப் புதுசு இல்லை. 1980-களில் மத்திய அரசே திட்டம் போட்டு நாடு முழுக்கக் கோடிக்கணக்கில் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தது. அதில் நிறைய அடுப்புகள் பராமரிப்பு இல்லாமல் வீணாய்ப் போயின. குழாய் வழியாகப் புகை திரும்பி அடுப்படிக்குள் வந்தால், எந்தப் பெண்தான் அந்த அடுப்பை வைத்துக்கொள்வாள்?

நான் அடுப்பு போடப் போகும் வீடுகளில் எல்லாம் கேட்கிற கேள்வியும் இதுதான். அதற்குக் காரணம் அடுப்பில் குறைவு, காற்றில்தான் அதிகம்.

முதலாவது, உயரம். சூடான காற்று லேசு, மேலே போகும். குழாய் உயரமாக இருந்தால்தான் இழுவை நன்றாக இருக்கும். குழாய் கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலே நிற்கணும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் ஓட்டு முகடு, மாடிச் சுவர் எதுவானாலும் அதைவிட 2 அடி உயர்ந்திருக்கணும். நம்ம கண்டனூரில் பெரிய வீட்டு மதிலை ஒட்டிச் சின்ன ஓட்டு வீடுகள் இருக்கின்றன. ஆடிக் காற்று அந்த உயரச் சுவரில் மோதிக் கீழே சுருண்டு விழும். குழாய் வாய் அங்கே இருந்தால் புகையை அப்படியே உள்ளே அமுக்கிவிடும். குழாயைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், முடியாவிட்டால் சுவரைத் தாண்டி உயர்த்துங்கள்.

இரண்டாவது, வளைவு. குழாய் நேராக மேலே போகணும். படுக்கை வசமாக ஓட்டினால் புகை தயங்கும், கரி சேரும். மழைக்கு வைக்கும் தொப்பியும் குழாய் வாயை அடைக்கிற மாதிரி இறங்கக் கூடாது.

மூன்றாவது, அடுப்படிக்குள் வரும் காற்று. மேலே எவ்வளவு புகை போகிறதோ, அவ்வளவு காற்று உள்ளே வரணும். கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனும் போட்டால், ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகக் குழாய் வழியாகக் காற்று கீழே இறங்கும், கூடவே புகையும் வரும். அடுப்பு எரியும்போது ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள். கங்கு கிடக்கும்போது அடுப்படியை அடைத்துப் படுக்கவே கூடாது. அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

நான்காவது, காலையில் பற்றவைப்பது. ராத்திரி முழுக்கக் குழாய் குளிர்ந்து, கனத்த காற்று உள்ளே நிற்கும். முதலில் குழாயின் அடியில் ஒரு ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள். புகை மேலே இழுபட்டால் சரி. உங்கள் பக்கம் வந்தால், ஒரு கைப்பிடி பன்னாடையோ பழைய பேப்பரோ குழாய் அடியில் கொளுத்துங்கள். குழாய் சூடானதும் இழுவை பிடிக்கும். அதற்கப்புறம் விறகு வையுங்கள், ஈர விறகு வேண்டாம்.

மாசம் ஒரு தடவை குழாயில் கயிறு விட்டுக் கரியைத் தட்டுங்கள். கீற்றுக் கொட்டகையாக இருந்தால் குழாய் கீற்றில் படாமல் நல்ல இடைவெளி விட்டுச் சுற்றித் தகரம் அடியுங்கள். இல்லையென்றால் தீப் பிடிக்கும்.

ஒரு வேண்டுகோள். பலகாரக் கொட்டகைக்குக் கடன் கேட்டு மனு எழுதும் குழுக்கள் சட்டி, கரண்டி, மாவு மிஷினோடு குழாய்க்கும் ஒரு தொகை போடுங்கள். கடைசியில் மிச்சம் பிடிப்பதாக நினைத்து எல்லாரும் குழாயில்தான் 2 அடி குறைக்கிறார்கள். அந்த 2 அடிக்கு மிச்சமான காசு, இருமலுக்கும் கண் எரிச்சலுக்கும் மருந்து வாங்கவே காணாது. கொத்தனார் குழாயை நிறுத்தும்போது நீங்களே மேலே ஏறிப் பாருங்கள். அதில் சமைக்கப் போவது நீங்கள்.