மைக் செட்காரர் இல்லாத ராக் வரலாறு



இந்த அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ, அவர் இந்த ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். அவருடைய பெயரும் வாழ்க்கையும் அழைப்பிதழில் இருக்கின்றன. அவருடைய தொழிலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பாப், ராக் இசை வரலாற்றின் மறக்க முடியாத தருணங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும், மைக் செட்காரருக்கும் பீட்டில்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். சம்பந்தம் உண்டு. அந்தத் தருணங்களில் பலவற்றை உண்டாக்கியதும் மைக் செட்தான், சிலவற்றைக் கெடுத்ததும் அதுதான். பாடியவர் பெயர் நிற்கிறது, ஒயர் இழுத்தவர் பெயர் நிற்பதில்லை.

கெட்டதிலிருந்தே தொடங்கலாம். 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம். பீட்டில்ஸ் பாட வந்தார்கள். கூட்டம் 55,000க்கு மேல். கிதாருக்கு வாக்ஸ் நிறுவனம் தனியாகச் செய்து கொடுத்த 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள். பாட்டுக்கோ, பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்புச் சொல்ல வைத்திருந்த மைதானத்து ஸ்பீக்கர்கள்தான். கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டுக் கேட்கவில்லை. அந்த மேடையில் பாடுபவர் பக்கம் திருப்பி வைத்த ஸ்பீக்கர் இல்லை. முன்னால் நிற்பவர்களின் தலையாட்டலைப் பார்த்தே தாளம் போட்டதாக டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொன்னார். மறு ஆண்டு 1966 ஆகஸ்ட் 29இல் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு அவர்கள் ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டார்கள். களைப்பு, மிரட்டல், சலிப்பு என்று காரணங்கள் பல. ஆனால் தன் குரல் தன் காதில் விழாத மேடையில் எந்தப் பாட்டுக்காரன் நிற்பான்?

அதே 1965 ஜூலை 25இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிதாரோடு ஏறியதும் கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. மரபை மீறியதற்கான கோபம் என்று புத்தகங்கள் எழுதும். பாட்டின் சொற்கள் புரியாதபடி ஒலி இரைந்ததுதான் தன் கோபம் என்றார் மூத்த பாடகர் பீட் சீகர். எனக்கு சீகர் சொன்னதில் பாதி நம்பிக்கை உண்டு. திருவிழாவில் மைக் கூவினால் கூத்து நன்றாக இல்லை என்று எழுந்து போகிறவர்கள் நம்மிடையே இல்லையா?

இனி வுட்ஸ்டாக் இசை விழா. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதில் நம் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். 1969 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. இடம், நியூயார்க் மாநிலத்தின் பெத்தேல் என்ற ஊரில் மேக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் நிலம். வேறோர் ஊர் கடைசி நேரத்தில் அனுமதி மறுத்ததால், ஒரு மாத அவகாசத்தில் இங்கே வந்து சேர்ந்த விழா. வேலி போட்டு முடிக்கவில்லை. டிக்கெட் கேட்க முடியாமல் போனது. சுமார் 4 லட்சம் பேர். சாலை அடைத்துப் போய், பாடகர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். முதலில் ரிச்சி ஹேவன்ஸ் பாடினார். அடுத்து, காவி உடையில் தாடியோடு மேடைக்கு வந்தவர் சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த ராமசாமி. பத்தமடைக்காரரான சிவானந்தரிடம் ரிஷிகேசத்தில் 1949இல் துறவு வாங்கி, இலங்கையில் கண்டியில் ஆசிரமம் நடத்தி, 1966இல் அமெரிக்கா போனவர்.

அவர் அன்று பேசிய பொருள் என்ன தெரியுமா? ஒலி. இந்தப் பிரபஞ்சத்தையே இயக்குவது ஒலிதான், இசையால் அமைதியைக் கொண்டுவர முடியும் என்றார். பிறகு கூட்டத்தையே மந்திரம் சொல்ல வைத்தார். புல்வெளியின் கடைசியில் இருந்தவனுக்கும் அது கேட்டதென்றால் அதற்கு ஒரு மனிதர் காரணம்: மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபோர்டைச் சேர்ந்த பில் ஹேன்லி. மேடையின் இரு பக்கமும் சாரம் கட்டி, ஸ்பீக்கர்களை உயரத்தில் ஏற்றி, சரிவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். கீழே வைத்தால் முன்வரிசைக்குக் காது கிழியும், பின்வரிசைக்கு ஒன்றும் போகாது. நம் ஊர்க்காரர்கள் குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்து உச்சியில் கட்டியதும் இந்தக் கணக்கில்தான். ஒரு வித்தியாசம்: குழாய், நடுச்சுருதியைத் தூரத்துக்கு வீசும், கீழ்ச்சுருதியை விழுங்கிவிடும். ஹேன்லி இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தார். வுட்ஸ்டாக் என்றால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பெயர் சொல்வார்கள். அவர் வாசித்தபோது திங்கட்கிழமை காலை. கூட்டத்தில் பெரும்பகுதி வீட்டுக்குப் போயிருந்தது.

1985 ஜூலை 13இல் லண்டன் வெம்ப்லியில் நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியில் பாடகர் ஃப்ரெட்டி மெர்குரி நிகழ்த்திய 20 நிமிடத்தைச் சினிமாவாகவே எடுத்துவிட்டார்கள். அவர் பஞ்ச்கனியில் பள்ளிக்கூடம் படித்தவர் என்பதால் நமக்குப் பெருமை. எனக்கு அதே மாலையில் பீட்டில்ஸில் இருந்த பால் மெக்கார்ட்னிக்கு நடந்ததுதான் பெரிது. பியானோ கேட்டது, மைக் வேலை செய்யவில்லை. ஏறத்தாழ இரண்டு நிமிடம் உலகமே பார்க்க அவர் வாயசைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் பாட்டை எடுத்துக்கொண்டு பாடியது.

நம் பக்கம் ராக் வந்த வழி வேறு. முதலில் வந்தது இலங்கையின் பாப் இசை. சிலோன் மனோகர் என்று நாம் அழைத்த ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கல்யாண வீட்டுக் குழாய்களில் ஒலித்தது. 1977இல் இளையராஜா ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அதை எடுத்தாண்டார். சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசுகிற இந்த எல்லைப் பகுதியில் அதற்கு யாரும் அர்த்தம் கேட்டிருக்க மாட்டார்கள். டி.எம்.எஸ்., கண்டசாலா, ராஜ்குமார் மூவரின் இசைத்தட்டும் ஒரே பெட்டியில் வைத்திருந்தால்தான் இங்கே மைக் செட்காரர் பிழைக்க முடியும். வேறெந்த ஊர் விமர்சகருக்கும் இந்தக் காது அமையாது.

பிறகு பெங்களூர் அரண்மனை மைதானம். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம். 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் அங்கே மழையில் பாடினார்கள். 2007 மார்ச் 17இல் அயர்ன் மெய்டன். 2011 அக்டோபர் 30இல் மெட்டாலிகா. மெட்டாலிகா அதற்கு இரண்டு நாள் முன் தில்லி அருகே குர்கானில் பாடியிருக்க வேண்டும். தடுப்பு சரிந்து நிகழ்ச்சி நின்றது, கோபத்தில் கூட்டம் மேடைச் சாமான்களை உடைத்தது. பெங்களூரில் நடந்தேறியது. உலக ராக் வரலாறு ஓசூர் சிப்காட் தொழிலாளி பஸ் ஏறிப் போகும் தூரத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அந்த மூன்று தேதிகள் போதும்.

ஹேன்லியின் பெயர் இன்று தெரிவதற்குக் காரணம், அவரைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்து எழுதியதுதான். இங்கே அது நடக்கவில்லை. எந்தத் திருவிழாவுக்கு முதன்முதலில் மின்சார மைக் வந்தது, பேட்டரியில் ஓட்டியது யார், எந்தப் பாட்டை ஊர் திரும்பத் திரும்பக் கேட்டது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் வயதாகி வீட்டில் இருக்கிறார்கள். இளைஞர்களே, கைபேசியில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பழைய ஆம்ப்ளிஃபயர், குழாய், இசைத்தட்டுப் பெட்டி வைத்திருப்பவர்கள் காயலான் கடைக்குப் போடும் முன் இந்த அறக்கட்டளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.