மிளகாயும் பூஞ்சணமும்

(இராயபுரத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மிளகாயைக் குறித்துப் பேசுவதற்கு ஒரு சபையும் வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். நம்மவருள் சிலர் அதனை விளைவிப்போர். பலர் அதனை மண்டியில் வைத்து விற்போர். அதனை உண்ணாதார் நம்முள் எவருமிலர். ஆதலின் அதற்கு நேரும் கேட்டை அறிந்து தடுத்தல் நம் கடமையென்று கருதியே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

மிளகாய் ஆதியில் நம் நாட்டுப் பொருளன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அச்செடியைப் போர்த்துக்கீசியர் இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். அதற்குமுன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். வந்த செடி நம் மண்ணோடு ஒன்றிவிட்டது. இராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

இச்செடிக்குப் பூஞ்சணத்தால் வரும் நோய்கள் பல. நாற்றங்காலில் நீர் தேங்கினால் இளநாற்று தண்டடியில் நைந்து சாய்வது நாற்றழுகல். இலையின் அடிப்புறம் வெண்பொடி தூவியதுபோலாகி, இலை உதிர்வது சாம்பல் நோய். இவற்றினும் வியாபாரத்தைப் பெரிதும் தாக்குவது நுனிக்கருகலும் பழ அழுகலுமாகும். கொம்பின் நுனி கருகிக் கீழ்நோக்கிக் காய்ந்துவரும். பழுக்கும் காயில் குழிந்த புள்ளி தோன்றி, அதனுள் கரும்பொட்டுகள் வளையம் வளையமாய் அமையும். காய் உலர்ந்தபின் அவ்விடம் வைக்கோல் நிறமாய் வெளுக்கும். மண்டியில் ‘சண்டு’ என்று நாம் ஒதுக்கும் வற்றலில் இத்தகையனவும் உண்டு.

நம் நாட்டில் இந்நோயின் பூஞ்சணத்தை முதலில் விவரித்தவர் ஜெர்மானிய அறிஞர் சைடோ ஆவார். 1913-ஆம் ஆண்டில் அவர் ஆராய்ந்த மிளகாய் நம் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூரிலிருந்து கிடைத்ததாகும். இந்நோய் விதையில் ஒட்டி வருவது. மழைத்துளி சிதறும்போது செடிக்குச் செடி தாவுவது. ஈரமும் வெப்பமும் கூடிய காலத்தில் பெருகுவது. எனவே நோயற்ற பழத்திலிருந்தே விதை எடுத்தல் வேண்டும். விதைக்குமுன் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கிலோவிற்கு 4 கிராம் வீதம் கலத்தல் நலம். கருகிய கொம்பையும் அழுகிய காயையும் வயலில் விடாது அகற்றி எரித்தல் வேண்டும்.

மருந்து தெளிப்பதும் உண்டு. பிரான்சு தேசத்துப் போர்தோ நகரப் பேராசிரியர் மில்லார்தே, வழிப்போக்கர் திராட்சையைப் பறியாதிருக்கும் பொருட்டுச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசியிருப்பதைக் கண்டார். அக்கொடிகள் மட்டும் நோயின்றிச் செழித்திருந்தன. அதனை ஆராய்ந்து 1885-இல் வெளியிட்டார். செம்பு கலந்த மருந்துகள் பயிருக்குப் பயன்படலானது அதன்பின் பரவிற்று. ஆயினும் மருந்தின் அளவையும் காலத்தையும் வேளாண்மை அதிகாரிகளைக் கேட்டே அறிதல் வேண்டும்.

இனி, வயலைவிட்டு நம் கிடங்கிற்கு வருவோம். 1856-இல் தென்னாட்டின் முதற் புகைவண்டி புறப்பட்ட இடம் இவ்விராயபுரம். இதன் ஒருபுறம் சென்னைத் துறைமுகம். வடக்கே திருவொற்றியூரைக் கடந்தால் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். சரக்கிற்கு இதனினும் வசதியான இடமில்லை. வற்றலுக்கோ இதனினும் ஆபத்தான இடமில்லை. நன்றாய் உலர்ந்த வற்றலும் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பதத்துவிடும். ஈரம் நூற்றுக்குப் பத்துப் பதினொரு பங்கிற்கு மேற்பட்டால் வேறொரு பூஞ்சணம் குடியேறும். அஸ்பெர்ஜில்லஸ் என்னும் அது, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குவது. அழுகியும் வெடித்தும் உள்ள காய்களில் அது எளிதிற் புகும்.

இந்நஞ்சு எத்தன்மையது? 1960-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஓரிலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் இந்நஞ்சு இருந்ததை ஆராய்ந்து கண்டனர். மனிதரில் ஈரற் புற்றை விளைவிப்பதும் இதுவே. சமையல் வெப்பத்தால் இது அழியாது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாயில் இதன் பி1 வகையை நூறு கோடிப் பங்கில் ஐந்து பங்கிற்குமேல் அனுமதிப்பதில்லை. கும்மிடிப்பூண்டியில் நறுமணப்பொருள் வாரியத்தின் பரிசோதனைச்சாலை இருப்பது இத்தகைய சோதனைகளுக்காகவே.

கப்பலேறும் சரக்கிற்குச் சோதனை உண்டு. கப்பலேறாத சண்டு எங்கே போகின்றது? அதில் ஒரு பகுதி தூளாகின்றது. முழுக்காயில் கண்ணுக்குத் தெரிந்த குற்றம் தூளில் மறைந்துவிடுகின்றது. அதனைச் சில்லறையாய் வாங்கி உண்போர் மீன்பிடிப்போரும், ஆலைத் தொழிலாளரும், சுமைதூக்குவோருமான நம் அயலாரே. அன்னியனுக்கு நல்லதையும் அண்டைவீட்டானுக்கு நஞ்சையும் அளத்தல் எந்தத் தருமத்திற்கு அடுக்கும்?

‘சண்டைக் கழித்தால் நஷ்டம் எமதாகுமே’ என்பார் வியாபாரி. ‘உலர்த்தக் களமில்லையே’ என்பார் குடியானவர். இரண்டும் மெய்யே. சாலையோரத்தில் உலர்த்துவோரை ஏசுவதால் பயனில்லை; தார்ப்பாயும் களமும் அவருக்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும். நன்குலர்ந்த சரக்கிற்குக் கூடுதல் விலை கொடுப்போமாயின், ஈரத்தோடு மூட்டை கட்ட எவரும் விரும்பார். காய் நொறுங்காதிருக்கவும் எடை கூடவும் வற்றலின்மேல் நீர் தெளிக்கும் வழக்கத்தை அறவே ஒழித்தல் வேண்டும். கிடங்கில் மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்குதல் வேண்டும்.

ஆகவே, உலர்களத்திற்கும் தார்ப்பாய்க்கும் சங்கநிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்கவும், சண்டு வற்றலைத் தூளுக்கு விற்பதில்லையென நம் வியாபாரிகள் கையொப்பமிடவும், இன்றே தீர்மானம் நிறைவேற்றுமாறு இச்சபையோரைக் கேட்டுக்கொள்கின்றோம். அத்தீர்மானத்தால் நம் இலாபம் சிறிது குறையலாம். நம் தராசின்மேல் ஊரார் வைத்த நம்பிக்கை குறையாது.