மலை எங்கேயும் ஓடாது

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் இல்லை. ஊரில ஏ.எல். படிச்சுப்போட்டு வந்து, இங்கே சுவிசில் தொழிற்சாலையில் மெசினோட நிற்கிறவன். போன கோடையில் வேலைத்தலத்து ஆக்களோடு பனிமலை ஏறப் போனதைப் பற்றிக் கதைக்கும்படி சங்கத்தார் கேட்டார்கள். இப்ப எங்கட பிள்ளையளும் மலைக்குப் போகினம். நாங்கள் ஒன்றில் போகவே வேண்டாம் என்கிறோம், இல்லாட்டி ஒரு விபரமும் கேளாமல் விடுகிறோம். அதனால்தான் ஓமென்று சொன்னேன்.

மலையின் பெயர் அல்லலின்ஹோர்ன். வாலிஸ் மாநிலத்தில் சாஸ்-ஃபே ஊருக்கு மேலே, 4027 மீற்றர் உயரம். நிலத்துக்குக் கீழால் ஓடும் றெயில் 3500 மீற்றரளவில் கொண்டுபோய் விடும். அதால சுகமான மலை என்பார்கள். ஆனால் அங்கிருந்து கால் வைப்பது பனியாற்றில். அதில் ஆளை விழுங்கும் பிளவுகள் உண்டு. மேலே பனி பாலம்போல மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏற அந்தப் பாலம் இளகும். ஆகவே காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும். வழிகாட்டி எங்கள் நாலு பேரையும் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டினார். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்குவதற்கு.

ஃபேயோக் என்ற கணவாய்க்கு வந்தோம். 3826 மீற்றர். உச்சிக்கு இன்னும் 200 மீற்றர்தான். அப்போது முகில் ஏறி வந்தது. கொஞ்ச நேரத்தில் வானமும் பனியும் ஒரே வெள்ளை. முன்னுக்குப் போறவரைத் தெரியேல்லை, கயிறு மட்டும் தெரிந்தது. வந்த காலடியையும் காற்று மூடிப்போட்டுது. வழிகாட்டி "திரும்புவம்" என்றார். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. கருவியில் பதிந்த பாதையைப் பார்த்துப் பார்த்து எங்களை இறக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர் ஒருவர், "இவ்வளவு காசு குடுத்துப் போய், உச்சியைக் காணாமலோ வந்தனி?" என்று சிரித்தார். நான் அவருக்கு ஒரு சம்பவம் சொன்னேன். 2018 ஏப்ரல் கடைசியில், இதே வாலிஸில், பீன் தாரோலா மலைப்பக்கம் பனிச்சறுக்கில் போன 14 பேர் புயலில் அகப்பட்டு இரவு முழுக்க வெளியில் கிடந்தார்கள். ஏழு பேர் செத்துப்போனார்கள். தங்குமடம் அரைக் கிலோமீற்றரளவு தூரத்தில்தான் இருந்தது. அவர் பிறகு சிரிக்கவில்லை.

பெற்றோரே, பிள்ளையளைப் போக விடுங்கோ. ஆனால் கேளுங்கோ: ஆர் கூட்டிக்கொண்டு போறது? வானிலை அறிக்கை பார்த்ததோ? எத்தினை மணிக்குத் திரும்புறது? ஆயிரம் மீற்றர் ஏற ஆறு பாகையளவு வெப்பம் குறையும். காற்றும் சேர்ந்தால் விரல் விறைக்கும். கையுறையும் காற்றுத் தாங்கும் சட்டையும் கோடையிலும் வேண்டும். ஆபத்தென்றால் மீட்பு ஹெலிக்கு 1414, வாலிஸில் 144. தொலைபேசி வேலை செய்யாட்டி, விசிலோ வெளிச்சமோ நிமிசத்துக்கு ஆறு தரம், ஒரு நிமிசம் விட்டுத் திரும்பவும் ஆறு தரம். மூன்று தரம் பதில் வந்தால் கண்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

செல்லடிக்கும் கடலுக்கும் தப்பி வந்த சனம் நாங்கள். விளையாடப் போற இடத்தில் ஒரு பிள்ளையையும் பறிகொடுக்கக் கூடாது. திரும்பி வாறது தோல்வி இல்லை. மலை எங்கேயும் ஓடாது. இந்தக் கோடையும் போகத்தான் இருக்கிறேன்.

எல்லாருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.