பாட்டியோடு ஒரு பெஞ்சு



மனதில் கிடப்பதை வாய்விட்டுச் சொன்னால் புண் ஆறுமா என்பது பழைய கேள்வி. அதற்குப் பதில் தேடுகிறவர்கள் ஜிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரே வரைக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.

டிக்சன் சிபாண்டா அங்கே மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் 2005இல் தற்கொலை செய்துகொண்டார். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டதற்குத் தாய் சொன்ன காரணம், பஸ் கட்டணம் இல்லை. 15 டாலர்தான். அந்தப் பணம் இருந்திருந்தால் ஒரு மகள் பிழைத்திருக்கக் கூடும்.

ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் அந்த நாட்டில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே 2005இல் அரசே நகர்ப்புறக் குடிசைகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளியது. சுமார் ஏழு லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள் என்று ஐ.நா. கணக்கிட்டது. நோயாளி தன்னைத் தேடி வரட்டும் என்று இனியும் காத்திருக்க சிபாண்டாவால் முடியவில்லை. ஹராரேயில் ஏழைகள் நெருக்கமாக வாழும் எம்பாரே பகுதிக்குப் போனார். நர்ஸ் தர முடியாது, அறையும் தர முடியாது என்றார்கள். கிடைத்தவர்கள் அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே சுகாதாரத் தொண்டு செய்துவந்த 14 பாட்டிமார். அவர்களை வைத்துக்கொண்டு, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சைப் போட்டு, 2006இல் தொடங்கினார். மனநல பெஞ்சு என்று பெயர் வைத்ததும் யாரும் கிட்டே வரவில்லை. பாட்டிமார்தான் அதை நட்பு பெஞ்சு ஆக்கினார்கள்.

அங்கே என்னதான் நடக்கிறது? வந்து உட்காருகிறவரிடம் பாட்டி முதலில் 14 கேள்விகள் கேட்கிறார். கடந்த ஒரு வாரத்தில் தூக்கம் கெட்டதா, அற்ப விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்ததா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா. அதற்குப் பிறகு கேள்வித்தாள் ஓரத்துக்குப் போய்விடுகிறது. வந்தவர் பேச, பாட்டி கேட்கிறார். வேலை போனது, கணவன் அடித்தது, எச்.ஐ.வி. மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடுவது, வாடகை பாக்கி எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டுதான் வெளியே வரும். பாட்டி நோயின் பெயர் எதையும் சொல்வதில்லை. யோசித்து யோசித்தே மனசு கெட்டுப்போச்சு என்று அந்த ஊர் மக்கள் பேசுகிற அதே பேச்சைத்தான் அவரும் பேசுகிறார். கொட்டிய குறைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அதற்கு அடுத்த வாரத்துக்குள் என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிக்கிறார்கள். இப்படி ஆறு சந்திப்புகள். பிறகு அதே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்த பெண்கள் கூடும் வட்டம் ஒன்று இருக்கிறது. பழைய பிளாஸ்டிக்கைக் கிழித்துப் பை பின்னிக்கொண்டே ஒருவர் கதையை ஒருவர் கேட்கிறார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தயங்குவதில்லை. களை எடுத்துக்கொண்டே குடும்பக் கஷ்டத்தைப் பேசித் தீர்க்கும் பெண்களை அறிந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இதெல்லாம் பலிக்குமா என்று சோதித்தும் பார்த்தார்கள். ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆறு மாதம் கழித்தும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பாட்டியோடு உட்கார்ந்தவர்களில் அது நூற்றுக்குப் பதினான்கு பேராகக் குறைந்திருந்தது.

சொல்வதில் மட்டும் இந்த மருந்து இல்லை. கேட்கிறவர் யார், எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார் என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது. ஒரு பேரிடர் முடிந்த சூட்டோடு சூடாகப் போய், நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்ல வைக்கும் முறை உலகெங்கும் ஒரு காலத்தில் பரவியிருந்தது. அதனால் பலன் இல்லை, சிலருக்குத் தீங்கே நேரலாம் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. வாய் திறக்க விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு தெளிவாகவே சொல்கிறது.

இலங்கையின் வடகிழக்கில் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தார்கள். போரோடு 2004 சுனாமியும் சேர்ந்து அடித்த இடம் அது. முகாமில் இருந்த 31 குழந்தைகளோடு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்களும் அவர்களிடம் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களும் பணியாற்றினார்கள். அவர்களில் ஒரு குழுவிடம் கையாண்ட முறையில் பிள்ளை தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைக்கும். அதுதான் பிறந்த நாள் முதல் இன்று வரையிலான வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். கயிற்றின் வழியே கதை வளர, ஆலோசகர் எழுதிக்கொள்வார். அடுத்த முறை அதை வாசித்துக் காட்டும்போது பிள்ளை திருத்தும், விட்டதைச் சேர்க்கும். கல்லுக்கு முன்னாலும் பின்னாலும் பூ இருப்பதைப் பிள்ளை தானே பார்க்கும். இப்படிக் கதை சொன்ன குழந்தைகளில் நூற்றுக்கு 81 பேர் ஆறு மாதத்தில் தேறினார்கள். அந்த 31 பேரிலேயே தியானமும் மூச்சுப் பயிற்சியும் கற்ற இன்னொரு குழுவில் நூற்றுக்கு 71 பேர். கதை ஒன்றே மருந்து என்று யாரும் மார்தட்ட வேண்டாம் என்பதற்காகவே இந்த இரண்டாவது எண்ணையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே வடகிழக்கில் கதை இன்னும் முடியாமல் கிடக்கும் வீடுகள் ஏராளம். சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும் ஊர்கள் அவை. போர் முடிந்த 2009 மே மாதத்தில் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்த தாய் என்ன சொல்லி அழுவாள்? உடல் இல்லை, செத்த திகதி இல்லை, காடாற்ற வழியில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அந்தத் தாய்மார் படங்களை ஏந்தி வீதியோரம் உட்கார்ந்தார்கள். வந்தவர் போனவர் எல்லாரிடமும் அதே கதையைச் சொன்னார்கள், எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது, 2018இல் அது இயங்கத் தொடங்கியது. பிள்ளை எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பதில் தெரிந்தவர்கள் வாய் திறக்காதவரை எந்தப் பெஞ்சும் அவர்களைத் தேற்றிவிடாது. அவர்கள் பக்கத்தில் போய் உட்காருகிறவர்கள் கதையை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. அந்தக் கேள்வியைத் தாங்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.