சேத்துப்பட்டு டு கேம்பிரிட்ஜ்

போன வருஷம் ஆபீஸ் வேலையா லண்டன் போனப்போ, ஒரு நாள் லீவு போட்டு கேம்பிரிட்ஜுக்கு ரயில் ஏறினேன். டூரிஸ்ட் எல்லாம் படகு ஓட்டப் போவாங்க. நான் போனது ட்ரினிட்டி காலேஜுக்கு, ராமானுஜனுக்காக.

அங்க பெரிய முற்றத்துப் புல்தரையில நாம கால் வைக்கக்கூடாது, ஃபெலோக்கள் மட்டும்தான் நடக்கலாம். மெட்ராஸ் துறைமுகத்துல மாசம் 30 ரூபாய்க்கு கிளார்க்கா இருந்த மனுஷன், எஃப்.ஏ. பரீட்சையில ஃபெயிலானவர், 1918-ல அங்க ஃபெலோ ஆனார். (என் அரியர் கணக்கை இப்போ கேக்காதீங்க.)

1919-ல நோயோட ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டுல இறந்தப்போ வயசு 32. அந்தக் கடைசி வருஷம் எழுதின 100 பக்கத்துக்கு மேலான தாள்கள் இங்கிலாந்து போய், ட்ரினிட்டியோட ரென் லைப்ரரியில கவனிப்பாரில்லாம கிடந்தது. 1976-லதான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணுல பட்டுச்சு.

கண்ணாடிப் பெட்டியில நியூட்டன் புத்தகம் இருந்துச்சு, வின்னி த பூ கூட இருந்துச்சு. ராமானுஜன் தாள் அன்னைக்கு வெளிய வைக்கல.

கேளம்பாக்கத்துல இருந்து சேத்துப்பட்டு எத்தனையோ தடவை போயிருக்கேன். அவர் இருந்த இடத்தை ஒருநாளும் தேடினதில்ல. வர்ற ஞாயிறு போறேன், கூட வர்றவங்க மெசேஜ் பண்ணுங்க.