மஞ்சப்பையில் அச்சடிக்க எந்த மென்பொருள்?
(நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காக நம் பழையசீவரத்துக்கு எழுந்தருள்கிறார். மலை மண்டபத்தில் தொடங்கி, லட்சுமி நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போகும் வரை எவ்வளவு கூட்டம் என்பது உங்களுக்கே தெரியும். அன்று வருகிறவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் துணிப்பை கொடுக்கலாம், அச்சு வேலையை நாமே செய்யலாம் என்று சென்ற கூட்டத்தில் பேசினோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை 2021 டிசம்பர் 23 அன்று அரசு தொடங்கியது. ஆகவே நல்ல யோசனைதான்.

அதற்குக் கணினியில் எந்த மென்பொருள் வாங்குவது என்பதில்தான் இழுபறி. ஒருவர் கோரல்டிரா என்கிறார், இன்னொருவர் ஃபோட்டோஷாப் என்கிறார், பிள்ளைகள் கேன்வா போதும் என்கிறார்கள். விலையைப் பேசுவதற்கு முன்னால், ஸ்கிரீனில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசுகிறோம். கறுப்பு மையில் அச்சிட்ட ஃபிலிமை அதன்மேல் வைத்து விளக்கு காட்டுகிறோம். கறுப்பு இருந்த இடத்தில் ஒளி படாததால் அங்கே பசை தண்ணீரில் கரைந்து போகிறது. அந்தத் திறப்பு வழியாகத்தான் மை துணிக்கு இறங்குகிறது. ஆக, ஸ்கிரீனுக்குக் கறுப்பும் வெறுமையும்தான் தெரியும். நிழல், மங்கல், பளபளப்பு எதுவும் தெரியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருளிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

முதல் கேள்வி: விளிம்பு கூர்மையாக வருமா? ஃபோட்டோஷாப்பும் ஜிம்பும் படத்தைப் புள்ளிகளாக வைத்திருக்கின்றன. சிறிய படத்தைப் பெரிதாக்கினால் ஓரம் பிசிறடிக்கும். கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் மூன்றும் கோடுகளாக வைத்திருக்கின்றன. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் அப்படியே இருக்கும். பையில் வரப்போவது எழுத்தும் கோபுரப் படமும்தான். அதற்குக் கோட்டு மென்பொருளே சரி. ஒளிப்படத்தை அச்சிட வேண்டுமென்றால் மட்டும் புள்ளி மென்பொருள் தேவைப்படும்.

இரண்டாம் கேள்வி: நிறங்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா? சிவப்புக்கு ஓர் அடுக்கு, பச்சைக்கு ஓர் அடுக்கு என்று வைத்து, ஒவ்வொன்றையும் கறுப்பாக அச்சிட வேண்டும். இரண்டு ஃபிலிமிலும் ஒரே இடத்தில் கூட்டல் குறி இருந்தால்தான் ஸ்கிரீனைப் பொருத்த முடியும். கேன்வாவில் அழைப்பிதழ் அழகாக வரும். ஆனால் இப்படி நிறம் பிரித்து எடுக்க அது தோதுப்படாது.

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை: தமிழ் சரியாக வருமா? இதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். 'பொங்கல் நல்வாழ்த்துகள்' என்று ஒருங்குறியில் தட்டச்சு செய்து பாருங்கள். சில மென்பொருள்களின் பழைய பதிப்புகளில் கொம்பு, ப-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை நாமே இயக்க வேண்டியிருக்கும். இங்க்ஸ்கேப்பில் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காகவே வருகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் வேறு கணினியில் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முக்த மலர், மீரா இனிமை, பாலு தம்பி என்று இலவச ஒருங்குறி எழுத்துருக்கள் இருக்கின்றன. தடித்த எழுத்தாக எடுங்கள். துணிக்கான வலையில் கண்கள் பெரியவை. மெல்லிய எழுத்தின் புள்ளி அதில் நிற்காது. 'பொங்கல்' என்பது 'பொஙகல' ஆகிவிடும். துணியில் ஏறிய மையை அழிக்க முடியாது. அந்தப் பை அவ்வளவுதான்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்றிரண்டு நிறத்தில் பை அச்சடிக்க இங்க்ஸ்கேப் போதும். அது 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. நம் வீட்டுச் சாதாரணக் கணினியிலேயே ஓடும். கோரல்டிரா மோசம் என்று சொல்ல வரவில்லை. அச்சுக்கடைகளில் அதுதான் அதிகம் புழங்குகிறது. தினமும் கடைகளோடு கோப்பு பரிமாறும் அளவுக்குத் தொழில் வளர்ந்தால் வாங்கலாம். இல்லஸ்ட்ரேட்டரின் புதிய பதிப்புகளுக்கு 2013 முதல் சந்தா மட்டும்தான். வேலை இல்லாத மாதத்திலும் பணம் போகும்.

கடையில் 'கிராக்' போட்டுத் தருகிறார்கள் என்று சிலர் சொன்னீர்கள். வேண்டாம். தெரிந்தே கள்ளப்பிரதியைப் பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி குற்றம். சங்கத்தின் பெயரில் அதைச் செய்யவே கூடாது. அதோடு வைரஸும் வரும்.

இதையே வருமானத்துக்கான வேலையாகச் செய்யலாமா என்று நம் குடியிருப்பில் சில பெண்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: கையில் இருக்கும் பணத்தை மென்பொருளில் போடாதீர்கள். நல்ல சட்டம், நல்ல மை, பைகளைக் காயவைக்க இடம் ஆகியவற்றில் போடுங்கள். மென்பொருளை மாற்றிக்கொள்ளலாம், வெளுத்துப்போன பையை வாங்கியவர் திரும்பி வரமாட்டார்.

கடைசியாகச் சில நடைமுறைகள். கோயில் படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிவிடும். வெளியே ஃபிலிம் எடுக்கக் கொடுப்பதற்கு முன் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். மாற்றாத மூலக் கோப்பு ஒன்றைத் தனியே வைத்திருங்கள்; அடுத்த ஆண்டு தேதி மாற்ற அது வேண்டும். மஞ்சள் துணியில் நீலம் பச்சை சாய்ந்து தெரியலாம். ஆகவே கரும்பச்சை, அடர்சிவப்பு, கறுப்பு போன்றவை நல்லது. முதல் அச்சைக் கழிவுத் துணியில் எடுத்து, அதை வடிவமைக்காத இருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். புள்ளி விழுந்திருந்தால் அவர்கள் கண்ணில்தான் படும்.

மார்கழி பிறப்பதற்குள் படத்தை முடிவு செய்தால் பொங்கலுக்குள் நிதானமாக அச்சடிக்கலாம். வரைய ஆர்வம் உள்ள பிள்ளைகள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். இங்க்ஸ்கேப்பை நிறுவிப் பழக்க நான் உதவுகிறேன்.